ரயிலடி வரைக்கும்: நடை, சைக்கிள், பஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரத்துக்குத் தெற்கே, செங்கல்பட்டுத் தடத்தில் இருக்கும் ஒரு புறநகர் நிலையத்தை நம்பிப் பிழைப்பவன் நான். நிலையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பக்கத்து நிலையத்துக்காரர்கள் ‘அது அந்த ஊர்ப் பிரச்சினை’ என்று படிக்காமல் போய்விடுவார்கள். குடியிருப்போர் சங்கத்தில் நிலையச் சாலையைச் சரிசெய்ய வேண்டும் என்று பேச ஆரம்பித்த நாள் முதல், மின்சார ரயிலிலும் டீக்கடையிலும் பகுதி சபைக் கூட்டத்திலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் தோரணையிலேயே விட்டிருக்கிறேன்.

1. நிலையத்துக்குச் சாலை இருக்கிறது, தினமும் போய்க்கொண்டுதானே இருக்கிறோம். இதில் சரிசெய்ய என்ன இருக்கிறது?

போகிறோம், உண்மைதான். எப்படிப் போகிறோம் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். ஊர்ப் பக்கத்திலிருந்து எங்கள் நிலையச் சாலை சுமார் 400 மீட்டர். முதல் பாதி மழைநீர் வடிகாலின் மூடிகள்மேல் நடை. சில மூடிகள் கால் வைத்தவுடன் ‘டொக்’கென்று ஆடும். பழகியவர்களுக்கு எது ஆடும் என்று தெரியும். மின்வெட்டு இருட்டிலும் அதைத் தாண்டித்தான் மிதிப்பார்கள். அடுத்து ஒரு டிரான்ஸ்ஃபார்மர், நடைபாதையை முழுதாக அடைத்துக்கொண்டு. அதைச் சுற்றிவர ரோட்டில் இறங்க வேண்டும். இறங்கும் இடத்தில்தான் ஷேர் ஆட்டோ திரும்புகிறது.

நம் ஊர்ப் பேச்சில் ரயில் நிற்கும் மேடையும் பிளாட்பாரம்தான், தெருவோரம் நடக்கும் இடமும் பிளாட்பாரம்தான். முன்னதில் விளக்கு எரிகிறது, தரை சமமாக இருக்கிறது, பெருக்குகிறார்கள். பின்னதில் என்ன இருக்கிறது என்பதைத்தான் சரிசெய்யச் சொல்கிறோம்.

2. சென்னை வெயிலில் யார் சார் நடப்பார்கள்?

இப்போதே நடந்துகொண்டிருக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு நிலைய வாசலில் பத்து நிமிடம் நின்று எண்ணினால் போதும். வண்டி இல்லாதவர், வீட்டில் இருக்கும் ஒரே வண்டியை வேறொருவர் எடுத்துப் போனவர், ஆட்டோவுக்குத் தினம் அறுபது ரூபாய் கொடுக்க முடியாதவர் என்று வந்துகொண்டே இருப்பார்கள். ‘யார் நடப்பார்கள்’ என்று கேட்பவர் பெரும்பாலும் காருக்குள் இருந்துதான் கேட்கிறார்.

சாதாரண நடையில் பத்து நிமிடத்தில் 800 மீட்டர் போகலாம். அதே 800 மீட்டர் மரநிழலில் ஒரு தூரம், வெட்டவெளியில் வேறு ஒரு தூரம். அதனால்தான் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று புங்கமரத்தை வெட்டும்போது நாங்கள் சண்டைக்குப் போகிறோம்.

3. நடைபாதை எவ்வளவு அகலம் இருந்தால் போதும்?

இந்திய சாலைக் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட பாதசாரி வசதி வழிகாட்டுதல் (ஐ.ஆர்.சி. 103) குடியிருப்புப் பகுதிக்குக் குறைந்தது 1.8 மீட்டர் கேட்கிறது, வணிகப் பகுதிக்கு 2.5 மீட்டர். இது தடையில்லாத அகலம் என்பதைக் கவனியுங்கள். மூன்று மீட்டர் நடைபாதை போட்டு நடுவில் மின்பெட்டி வைத்தால், அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் மிச்சம் இருப்பதுதான் உங்கள் நடைபாதையின் அகலம்.

அகலத்தைவிட அதிகம் ஏமாற்றுவது உயரம். 15 சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது விதி. ஒன்றரை அடிக்குக் கட்டி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வெட்டி இறக்கி, மறுபடி ஏற்றினால் அது நடைபாதையே அல்ல, படிக்கட்டுப் பயிற்சி. முழங்கால் வலி உள்ளவர்கள் தாமாகவே ரோட்டில் நடக்கிறார்கள். பிறகு ‘நடைபாதை போட்டுக் கொடுத்தும் ரோட்டில்தான் நடக்கிறார்கள்’ என்று பழி வேறு.

4. இந்த அலுவலகத்தில் கேட்டால் அந்த அலுவலகம் என்கிறார்கள். இது உண்மையில் யார் வேலை?

ரயில்வே சுற்றுச்சுவருக்கு உள்ளே ரயில்வே. சுவருக்கு வெளியே நகராட்சி, மாநகராட்சி அல்லது ஊராட்சி. ஜி.எஸ்.டி. சாலை (சென்னையிலிருந்து தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் பெருஞ்சாலை) நெடுஞ்சாலைத் துறையினர் கையில். பஸ் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது. சிக்னல் போக்குவரத்துக் காவல். பயணி மட்டும் இவை எல்லாவற்றையும் பதினைந்து நிமிடத்தில் கடந்துவிடுகிறார்.

எங்கள் நிலைய வாசலில் சுவரை ஒட்டி ஆறடி நீளத்துக்கு மண் தரை. உள்ளே சிமெண்ட், வெளியே தார், நடுவில் இந்த ஆறடி மட்டும் யாருடையதும் இல்லை. மழை பெய்தால் குட்டை. யாரோ புண்ணியவான் இரண்டு செங்கல் போட்டிருக்கிறார். அந்த ஆறடிக்காக ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். ‘எங்கள் எல்லை அல்ல’ என்று எழுதி வந்தது. அந்தப் பதிலையே இணைத்து இன்னோர் அலுவலகத்தில் கொடுத்தேன். அவர்களும் அதே வாக்கியத்தை எழுதினார்கள். இரண்டையும் கோப்பில் வைத்திருக்கிறேன், கூட்டத்தில் காட்ட உதவுகிறது.

இதற்காகத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் (கும்டா) வந்தது, சட்டம் 2010-ல். நிலையத்தைச் சுற்றிய வேலைகளுக்கு ஒரே வரைபடம் வேண்டும் என்று கேட்க இப்போது ஓர் இடமாவது இருக்கிறது.

5. ஜி.எஸ்.டி. சாலையைக் கடப்பதுதான் உயிர்ப்பயம். அதற்கு என்ன வழி?

கணக்காகவே பார்க்கலாம். சாலை நடுத்திட்டோடு சேர்த்து 30 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். திடமானவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்; அவருக்கு 25 நொடி. பை தூக்கிய பாட்டிக்கு 35 நொடிக்கு மேல். பச்சை விளக்கு 15 நொடி கொடுத்தால் பாட்டி நடுத்திட்டில்தான் நிற்பார். அந்த நடுத்திட்டில் நிற்க இடம் வேண்டும். அரளிச்செடியும் கம்பிவேலியும் மட்டும் இருந்தால் எங்கே நிற்பது?

நாங்கள் கேட்பது, மக்கள் ஏற்கெனவே கடக்கும் இடத்திலேயே சிக்னலும் அகலமான நடுத்திட்டும். நூறு மீட்டர் தள்ளி, பொறியாளருக்கு வசதியான இடத்தில் வைத்தால் பயன்படாது. வேலிக் கம்பி எங்கே வளைந்திருக்கிறதோ அங்கேதான் வழி வேண்டும். அந்த வளைவு மக்கள் போட்ட மனு.

6. தண்டவாளத்தைத் தாண்டினால் ஒரு நிமிடம், மேம்பாலம் ஏறி இறங்கினால் ஏழு நிமிடம். எது புத்திசாலித்தனம்?

தாண்டாதீர்கள். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-ன்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிட, பக்கத்துத் தடத்தில் நிற்கும் வண்டி மறைக்க, அதற்கு அடுத்த தடத்தில் வரும் விரைவு வண்டி காதில் விழாது. எங்கள் ஊரில் இப்படிப் போனவர்களின் வீடுகளை எனக்குத் தெரியும்.

ஆனால் தாண்டுபவரைத் திட்டுவதோடு நிறுத்துவதும் சோம்பேறித்தனம். மின்கம்பிக்கு மேலே போக நடை மேம்பாலம் சுமார் ஆறு மீட்டர் ஏற வேண்டும்; படிக்கு 15 சென்டிமீட்டர் என்றால் நாற்பது படி ஏற்றம், நாற்பது படி இறக்கம். பாலம் நடைமேடையின் ஒரு கோடியிலும் சந்தை மறுகோடியிலும் இருந்தால், மக்கள் தினமும் காலும் கணக்கும் போட்டுப் பார்த்துத் தண்டவாளத்தையே தேர்ந்தெடுப்பார்கள்.

7. மாம்பலத்தில் கட்டினார்களே ஆகாய நடைபாதை, அதுபோல ஒன்று கேட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் அந்தப் பாலம் 2023 மே மாதம் திறக்கப்பட்டது. நீளம் 570 மீட்டர், செலவு 28 கோடிக்கு மேல். அங்கே அது பொருந்துகிறது. நிலைய மேம்பாலத்தில் ஏற்கெனவே மேலே இருப்பவர் கீழே இறங்காமல் அப்படியே நடந்து பஸ் நிலையத்தில் இறங்கலாம். கீழே ரங்கநாதன் தெருவின் நெரிசல் எப்படிப்பட்டது என்று தீபாவளிக்குத் துணி எடுத்த எவருக்கும் தெரியும்.

எங்கள் நிலையத்தில் பிரச்சினை தரையில் இருக்கிறது. சமதரையில் நடக்க வேண்டியவரை நாற்பது படி ஏற்றிவிட்டு, சாலையை முழுதாக வண்டிகளுக்கு விட்டுக்கொடுப்பது யாருக்கான வசதி? சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடுவதென்றால் ஓர் அடி உயர 12 அடி நீளம் வேண்டும். ஆறு மீட்டருக்கு 72 மீட்டர், திருப்பங்கள் தனி. எனவே லிஃப்ட் வைப்பார்கள். அது ஓடும் நாள்களில் நல்லதுதான்.

சுரங்கப்பாதை கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: துரைசாமி, அரங்கநாதன் சுரங்கப்பாதைகளின் பெயர் ஒவ்வோர் ஐப்பசி மழையிலும் செய்தியில் வருவது ஏன் என்று யோசித்துவிட்டுக் கேளுங்கள்.

8. பஸ் ஏன் நிலைய வாசலுக்கு வருவதில்லை?

திரும்ப இடம் இல்லை. முழுநீள பஸ் 12 மீட்டர். முட்டுச்சந்தாக முடியும் நிலையச் சாலையில் அது பின்வாங்கித்தான் திரும்ப வேண்டும். பின்வாங்கும் பஸ்ஸுக்குப் பின்னால் பள்ளிப் பிள்ளைகள் நடப்பதை நானும் விரும்பவில்லை. 2013-ல் சென்னையில் வந்த சிற்றுந்துகள் இப்படிப்பட்ட இடங்களுக்காகவே வந்தவை. ஊருக்குள் சுற்றி நிலையத்தில் முடியும் ஒரு சிற்றுந்துத் தடம்தான் எங்கள் முதல் கோரிக்கை.

வாசலுக்கே வராவிட்டாலும் நிறுத்தத்தைப் பக்கத்தில் கொண்டுவரலாம். ஜி.எஸ்.டி. பக்கம் மேம்பாலத்தின் கடைசிப் படியிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நானும் நண்பர் ஒருவரும் டேப் பிடித்து அளந்தோம்: 280 மீட்டர். இடையில் நிழற்குடை இல்லை, நடைபாதை இல்லை. பஸ் வருவது கண்ணுக்குத் தெரியும், ஓடினாலும் பிடிக்க முடியாது. நிறுத்தத்தை 200 மீட்டர் நகர்த்தப் பாலம் வேண்டாம், கோடிகள் வேண்டாம். ஒரு கம்பம், ஒரு கூரை, ஓர் உத்தரவு போதும்.

பெரிய அளவில் இதே பாடம் கிளாம்பாக்கத்தில். புறநகர் பஸ் முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, பெட்டியும் குழந்தையுமாக இன்னொரு வண்டி பிடிக்க வேண்டியிருந்தது.

9. பஸ் நிற்க ஓரமாக வெட்டி ‘பஸ் பே’ அமைத்தால் நெரிசல் குறையுமே?

கேட்க நன்றாக இருக்கும். நடப்பது வேறு. வெட்டிய இடத்தில் ஒரு மணி நேரத்துக்குள் ஆட்டோவும் தள்ளுவண்டியும் நிற்கும். பஸ் இரண்டாம் வரிசையில் நிற்கும். பயணிகள் ரோட்டில் இறங்கி ஓடுவார்கள். தப்பித்தவறி உள்ளே போன பஸ்ஸுக்கு வெளியே வர யாரும் வழி விடமாட்டார்கள். வெட்டுவதற்கு எடுத்த இடமும் நடைபாதையிலிருந்துதான் போயிருக்கும்; மூன்றாம் கேள்வியில் சொன்ன 1.8 மீட்டரை மறந்துவிட வேண்டியதுதான்.

ஊர்ச் சாலைகளில் இதற்கு நேர்மாறாக, நடைபாதையைச் சற்று முன்னால் நீட்டி, பஸ் தன் தடத்திலேயே நிற்கும்படி செய்வதுதான் சரி. 2024 ஆகஸ்டில் சென்னைக்கு வந்த தாழ்தளப் பஸ்களின் தளம் 40 சென்டிமீட்டர் உயரம்தான். நடைபாதையை ஒட்டி நின்றால் கைக்குழந்தையோடு ஏறலாம், இரண்டாம் வரிசையில் நின்றால் அந்தத் தாழ்தளத்துக்கு அர்த்தமே இல்லை. ஆனால் ஜி.எஸ்.டி. போன்ற வேகச் சாலையில் பஸ் பே நியாயம்தான். அங்கே ஆட்டோ நுழையாமல் காப்பதுதான் வேலை.

10. ரயில் வருவதற்கு ஒரு நிமிடம் முன்னால்தான் பஸ் கிளம்பிவிடுகிறது. வேண்டுமென்றே செய்கிறார்களா?

இல்லை. இரண்டு அட்டவணைகளையும் ஒருவரே பார்ப்பதில்லை, அவ்வளவுதான். அடிக்கடி ஓடும் தடத்தில் இது பொருட்டே அல்ல. மணிக்கு ஒரு பஸ் ஓடும் தடத்தில் ஐந்து நிமிடம் தள்ளி வைத்தாலே நூறு பேரின் மாலை மிச்சமாகும். கேட்கும்போது ‘ஒத்திசைவு’ என்று பெரிய சொல்லெல்லாம் வேண்டாம், ‘7.12 ரயிலுக்கு 7.20 பஸ்’ என்று எழுதுங்கள், நடக்க வாய்ப்பு உண்டு.

பயணச்சீட்டு விஷயத்தில் ஒரு முன்னேற்றம். 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம். சீட்டு ஒன்றாகிவிட்டது, நான்காம் கேள்வியின் ஆறடி மண் தரை அப்படியேதான் இருக்கிறது.

11. இந்தக் காலத்தில் சைக்கிளில் யார் வருகிறார்கள்?

பிளஸ் ஒன் படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்கிறது. ஆக, நம் தெருக்களில் சைக்கிளுக்குப் பஞ்சம் இல்லை. அவர்களில் பலர் கல்லூரிக்கு ரயிலில் போகிறார்கள், சைக்கிள் வீட்டுச் சுவரில் சாய்ந்து துருப்பிடிக்கிறது. ஏன் என்று பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்டேன். ‘அங்கிள், ஸ்டாண்டில் பைக்குக்குத்தான் நிழல். சைக்கிளைக் கடைசியில், வெயிலில், ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்த்துவிடுவார்கள். சாயங்காலம் வந்தால் பெடல் இன்னொன்றின் கம்பியில் மாட்டியிருக்கும்’ என்றான். ஒரு கொள்கை அறிக்கையில் இதைவிடத் தெளிவாக எழுத முடியாது.

வேண்டியவை சிறியவை: வாசலுக்கு மிக அருகில் இடம், கூரை, சட்டகத்தோடு பூட்டக்கூடிய தரையில் பதித்த இரும்பு வளையம், காவலுக்கு ஓர் ஆள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நிலையத்தில் 12,500 சைக்கிள் நிறுத்தும் மாளிகையே கட்டியிருக்கிறார்கள், முதல் 24 மணி நேரம் இலவசம். நமக்கு இருநூறு போதும்.

12. அப்படியானால் சைக்கிளுக்குத் தனித் தடம் கேட்கலாமே?

அகலமான சாலையில், மேடு கட்டிப் பிரித்துக் கொடுத்தால் கேட்கலாம். வெறும் பெயின்ட் கோடு வேண்டவே வேண்டாம். பச்சை வண்ணம் காய்வதற்குள் அதில் பைக் நிற்கும். எட்டு மீட்டர் நிலையச் சாலையில் தடம் பிரித்தால் கடைசியில் நடப்பவரின் பங்குதான் குறையும். இங்கே செய்யக்கூடியது வண்டிகளின் வேகத்தைக் குறைப்பது: கடக்கும் இடத்தில் சாலையையே நடைபாதை உயரத்துக்குத் தூக்குவது, தெருமுனைகளின் வளைவைச் சுருக்குவது. எல்லாரும் மெதுவாகப் போகும் சாலையில் சைக்கிளுக்குத் தனித் தடம் தேவைப்படாது.

13. முதலில் நடைபாதைக் கடைகளைத் தூக்குங்கள். மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்.

இதைக் கேள்வியாகக் கேட்டவர் குறைவு, தீர்ப்பாகச் சொன்னவர்களே அதிகம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தெரு வியாபாரிகள் சட்டம் 2014-ன்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் ஒதுக்க ஆலோசனை சொல்லும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும்.

சட்டம் கிடக்கட்டும். எங்கள் நிலைய வாசலில் ஓர் அக்கா பூ விற்கிறார். இரவு பத்தரை மணி வண்டியில் வந்து இறங்கும் பெண்கள் அவருடைய விளக்கு தெரிந்த பிறகுதான் கைப்பையைத் தளர்த்திப் பிடிக்கிறார்கள். அவரைத் தூக்கிவிட்டு அங்கே கண்காணிப்பு கேமரா வைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு நாலடி இடம் கோடு போட்டுக் கொடுத்து, மிச்சத்தை நடப்பவருக்குத் திறந்துவிட முடியும். எங்கள் சாலையில் நடைபாதையை உண்மையில் தின்பவை டிரான்ஸ்ஃபார்மர், கடைகள் நீட்டிய படிக்கட்டு, நிறுத்திய பைக். அவற்றைத் தூக்கச் சொல்லி யாரும் என்னிடம் இதுவரை கேட்கவில்லை.

14. ஷேர் ஆட்டோக்களை என்ன செய்வது?

விரட்டக் கூடாது. பஸ் வராத நேரத்தில் ஊரைச் சுமப்பது அவைதான். வாசலிலிருந்து முப்பது, நாற்பது மீட்டர் தள்ளி வரிசையாக நிற்க இடம் குறித்தால் போதும். அவர்களுடைய சங்கத்தோடு உட்கார்ந்து பேசி இடத்தை முடிவு செய்ய வேண்டும். பேசாமல் கோடு போட்டால் கோடு மட்டும்தான் இருக்கும்.

15. பெரிய கார் நிறுத்துமிடம் கட்டினால் நிறையப் பேர் ரயிலுக்கு மாறுவார்களே?

வந்துபோகும் வழியையும் சேர்த்தால் ஒரு காருக்கு ஏறக்குறைய 23 சதுர மீட்டர் வேண்டும். ஐம்பது காருக்கு 1,150 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஐந்து கிரவுண்ட் (ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி). நிலைய வாசலில் ஐந்து கிரவுண்ட் என்ன விலை என்று விசாரியுங்கள். அந்த ஐம்பது கார்களில் வந்தவர்கள், காலை வண்டியின் பன்னிரண்டு பெட்டிகளில் ஒன்றைக்கூட நிரப்பமாட்டார்கள். ஒரு கார் நிற்கும் கட்டத்தில் பத்து சைக்கிள் நிற்கும்.

காரில் வருபவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு இடம் உண்டு, வாசலுக்கு மிக அருகில் அல்ல, இலவசமாகவும் அல்ல. வாசலை ஒட்டிய இடம் மாற்றுத்திறனாளிக்கும் சிற்றுந்துக்கும்.

16. நான் ஒருவன் என்ன செய்துவிட முடியும்?

அளக்கலாம். ‘நடைபாதை மோசம்’ என்ற மனு குப்பைக்குப் போகும். ‘இத்தனையாவது மின்கம்பத்துக்கு அருகே தடையில்லாத அகலம் 60 சென்டிமீட்டர், விதி 180’ என்ற மனுவுக்கு யாராவது பதில் எழுதியாக வேண்டும். ஒரு டேப், ஒரு சாக்பீஸ், ஞாயிற்றுக்கிழமைக் காலை இரண்டு மணி நேரம். கூடவே ஒரு முதியவரையும் ஒரு கைக்குழந்தைத் தள்ளுவண்டியையும் அழைத்துப் போங்கள். நீங்கள் பார்க்காததை அவர்கள் பத்தடிக்குள் காட்டுவார்கள்.

மனுவில் துணைக்கு இரண்டைச் சேருங்கள். 2014-ல் சென்னை மாநகராட்சி ஏற்ற மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கச் சொல்கிறது. அது எங்கள் ஊரைக் கட்டுப்படுத்தாது, ஆனால் ‘அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது’ என்று கேட்கலாம். மற்றது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது: பயன்படுத்தத்தக்க நடைபாதை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி. இது எல்லா ஊருக்கும் பொருந்தும். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணம் கட்டிக் கேட்கலாம்.

17. எல்லாம் போட்டு முடித்ததும் குடிநீர்க் குழாய்க்கு மறுபடி தோண்டுவார்களே?

தோண்டுவார்கள். வேலை தொடங்கும் முன் குழாய், கேபிள், வடிகால் மூன்றையும் ஒரே வரைபடத்தில் போட்டு, கேபிளுக்குத் தனிக் குழாய் புதைத்தால் குறையும். அதற்கும் நான்காம் கேள்வியில் சொன்ன எல்லாரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

அதுவரை நாங்கள் ஒரு சிறு வேலை செய்கிறோம். ஆடும் வடிகால் மூடிகளுக்குச் சுண்ணாம்பால் எண் போட்டிருக்கிறோம். முதல் எண்ணிக்கையில் பதினான்கு. புகார் கொடுத்ததில் ஒன்பதை மாற்றினார்கள். போன வாரம் யாரோ கேபிள் போட மூன்றைத் தூக்கிவிட்டுச் சரியாக வைக்கவில்லை, இப்போது எட்டு. பால்காரர் கடைக்கு எதிரே இருப்பது ஏழாம் எண், இரவில் அதில் மட்டும் கால் வைக்காதீர்கள்.